‘எங்கே’ என்னுஞ் சொல் எங்கே நிற்கும்?

தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே பிறந்து வளர்ந்த இளைஞர் ஒருவர், எல்லவிலுள்ள உல்லாச விடுதியொன்றுக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனார். வயது இருபத்தாறு. கேட்கப்பட்டவற்றுக்கெல்லாம் தட்டுத் தடுமாறியேனும் ஆங்கிலத்திலே பதிலிறுத்து விட்டார். கடைசியில், “உமக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?” என்றார்கள். கேட்க வேண்டியவை மூன்று இருந்தன. சம்பளம் எந்தத் திகதியில் கிடைக்கும்? இராவேலை எத்தனை மணிக்கு முடியும்? தீபாவளிக்கு லீவு உண்டா? மூன்றையும் விழுங்கிக்கொண்டு, “நோ சேர்” என்று சொல்லி எழுந்து வந்துவிட்டார். வேலை கிடைத்தது. ஒரு மாதச் சம்பளம் மறுமாதம் இருபதாந் திகதிக்குத்தான் கைக்கு வரும் என்பதும், கடைசி பஸ் போன பின்னரே இராவேலை முடியும் என்பதும் சேர்ந்த பிறகுதான் தெரிந்தன. ஆறே வாரத்தில் விட்டு வந்தார்.

“பதில் சொல்ல வருதுங்க மாஸ்டர். கேக்கத்தான் வரல்லே” என்று அவர் நம்மிடம் சொன்னார்.

இந்தச் சொல் நம் மனத்தை விட்டு அகலவில்லை. பதுளை, பண்டாரவளை, பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பகுதிகளிலே, பள்ளிப் படிப்பை முடித்தோ இடையில் விட்டோ, உத்தியோகத்தின் பொருட்டு வயது வந்தபின் ஆங்கிலம் பயில முற்படுவோர் பலர். ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005ஆம் ஆண்டிலே பதுளையில் நிறுவப்பட்ட பின்னர், ஆங்கிலத்திலே விரிவுரை கேட்கும் தமிழ் மாணவரும் இந்நகரத்திலே உளர். நாம் கண்டவரையில் இவர்களுட் பலர்க்குப் பதில் வருகிறது, கேள்வி வருவதில்லை. பதிலுக்குக் கேட்டவருடைய சொற்களே கைகொடுக்கும். ‘வேர் டூ யூ லிவ்?’ என்று கேட்டால், அதிலுள்ள ‘லிவ்’ என்ற சொல்லை எடுத்துத் ‘தெமோதர’ என்பதையும் சேர்த்தால் பதில் ஆயிற்று. கேள்வியையோ முதற்சொல் தொடங்கித் தாமே கட்ட வேண்டும். அந்தக் கட்டட வேலையிலே தமிழும் ஆங்கிலமும் நேரெதிராக நிற்கின்றன.

நம் மொழியிலே வினா எவ்வளவு எளிதாக அமைகின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எ, யா என்பன சொல்லின் முதலிலும், ஆ, ஓ என்பன இறுதியிலும், ஏ என்பது ஈரிடத்தும் நின்று வினாப்பொருள் தரும் என்று நன்னூலார் வகுத்தார். ‘அவர் பசறையில் இருக்கிறார்’ என்பதிலே ‘பசறையில்’ என்பதை எடுத்துவிட்டு அதே இடத்தில் ‘எங்கே’ என்பதை வைத்தால் போதும். ‘அவர் எங்கே இருக்கிறார்?’ என்று கேள்வி ஆகிவிடுகிறது. வேறெந்தச் சொல்லும் இடம் பெயர்வதில்லை. ‘வந்தார்’ என்பதன் பின் ஓர் ஆகாரத்தைச் சேர்த்தால் ‘வந்தாரா?’ ஆகிவிடுகிறது.

ஆங்கிலத்திலே இதற்கு மூன்று வேலைகள் நடக்க வேண்டும். வினாச்சொல் தன் இடத்தை விட்டு வாக்கியத்தின் முன்னே ஓட வேண்டும். துணைவினை எழுவாயைத் தாண்டி அதன் முன்னே வர வேண்டும். துணைவினையே இல்லையென்றால் ‘டூ’ என்ற ஒரு கூலியாளை அமர்த்த வேண்டும். ‘ஹீ லிவ்ஸ் இன் பசறை’ என்பது ‘வேர் டஸ் ஹீ லிவ்?’ ஆகிறது. நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்னைய வாக்கியத்தில் ‘லிவ்ஸ்’ என்பதன் வாலிலே இருந்த ‘ஸ்’ பின்னைய வாக்கியத்தில் அங்கில்லை. அது ‘டூ’வின்மேல் ஏறிக்கொண்டு ‘டஸ்’ ஆகிவிட்டது. ஆங்கிலம் பயிலும் நம்மவர் ‘வேர் டஸ் ஹீ லிவ்ஸ்?’ என்று இரண்டிடத்திலும் அதை வைப்பது, ஓர் எழுத்து இடம்மாறி ஏறியதைக் காணாமையால் வருவது.

ஆங்கிலேயரும் இதனை ஒருநாளிற் கற்கவில்லை. ‘டூ’ இவ்வாறு கட்டாயப் பணியாளாக வந்து அமர மூன்று நூற்றாண்டுகள் வரை சென்றன. சுவீடன் தேசத்து அறிஞர் ஆல்வார் எல்லெகோர்ட் 1953இல் வெளியிட்ட நூலிலே பழைய ஆங்கில ஏடுகளைத் துருவி இதனைக் கணக்கிட்டுக் காட்டினார். ஷேக்ஸ்பியர் காலத்திலே ‘டூ’ உள்ள கேள்வியும் ‘டூ’ இல்லாத கேள்வியும் அருகருகே வழங்கின.

இவ்வளவும் முதல் ஏற்றந்தான். மலை அதற்கப்பால் இருக்கிறது.

வாழ்க்கையில் நாம் மரியாதையாகக் கேட்கும் கேள்விகளிற் பல, கேள்விக்குள்ளே கேள்வியாக இருப்பவை. ‘டாக்டர் எங்கே?’ என்று கேட்பதினும், ‘டாக்டர் எங்கே இருக்கிறார் என்று சொல்ல முடியுமா?’ என்று கேட்பதே பண்பு. தமிழில் இதற்கு எந்தச் சிரமமும் இல்லை. கேட்க வேண்டியதை முழுதாக அப்படியே வைத்து, ‘என்று’ என்ற ஒரு சொல்லைப் பின்னே பூட்டினால் போதும். ‘என்று’ ஒரு கூடையைப் போன்றது. உள்ளே எதைப் போட்டாலும் அது போட்டபடியே இருக்கும். ‘எங்கே இருக்கிறார்’ என்பது தனியே நின்றாலும் கூடைக்குள் இருந்தாலும் ஒன்றுதான்.

ஆங்கிலத்திலே அப்படியன்று. தனியே நின்றால் ‘வேர் இஸ் த டாக்டர்?’ என்று சொற்கள் புரள வேண்டும். ‘குட் யூ டெல் மீ’ என்பதன் பின் வந்தாலோ புரண்டவை மறுபடியும் நேராக வேண்டும்: ‘குட் யூ டெல் மீ வேர் த டாக்டர் இஸ்?’ அமர்த்திய ‘டூ’வும் வேலையிழந்து போய்விடும். ‘வேர் டஸ் ஹீ லிவ்?’ என்பது ‘டூ யூ நோ வேர் ஹீ லிவ்ஸ்?’ ஆகும். ‘டஸ்’ மறைந்தது, அதன்மேல் ஏறியிருந்த ‘ஸ்’ பழையபடி ‘லிவ்’வின் வாலுக்குத் திரும்பிற்று.

ஆதலால் வளர்ந்தவர்கள் கற்கும் வழி ஒரு விசித்திரமான வளைவாக இருக்கின்றது. முதலிலே ‘யூ ஆர் கோயிங் வேர்?’ என்கிறார்கள். இது தமிழ் ஒழுங்குக்கு மிக அண்மையது. பின்னர் வினாச்சொல் முன்னே போகிறது. ஆனால் மற்றவை புரளவில்லை: ‘வேர் யூ ஆர் கோயிங்?’ அதன் பின்னரே ‘வேர் ஆர் யூ கோயிங்?’ கைவருகிறது. அரும்பாடுபட்டுப் பெற்ற இந்தப் புரட்டலை இனி எங்கும் விடக்கூடாது என்று மனம் பிடித்துக்கொள்கிறது. உடனே, ‘டூ யூ நோ வேர் ஆர் தே கோயிங்?’ என்று புரட்டக் கூடாத இடத்திலும் புரட்டிவிடுகிறார்கள். கூடைக்குள் எதையும் மாற்றாத தமிழ்ப் பழக்கமும் இதற்குத் துணை நிற்கிறது. முன்னே செய்யாமல் விட்டதும் பிழை, இப்போது செய்ததும் பிழை என்றால், கற்பவர் மனம் சோராமல் என் செய்யும்? ஆசிரியர் சிலர் இதனைக் கவனக் குறைவு என்று கடிந்துகொள்கிறார்கள். அது குறைவன்று; மேலே ஏறியதன் அடையாளம். புரட்டவே தெரியாதவர் இந்தப் பிழையைச் செய்ய இயலாது.

இத்தொல்லை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. நம் அயலிலே வாழும் சிங்களச் சகோதரர்க்கும் இதுவே கதி. ‘ஒயா கொஹேத யன்னே?’ என்பதிலே ‘கொஹேத’ என்ற வினாச்சொல் நம் ‘எங்கே’யைப் போலவே நடுவில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. ‘என்று’ என்பதன் வேலையைச் சிங்களத்திலே ‘கியலா’ செய்கிறது. அதுவும் ‘சொல்லி’ என்று பொருள்படும் சொல்லே. தமிழ் ‘என்று’ம் ‘என்’ என்ற, சொல்லுதலைக் குறிக்கும் பழைய வினையினின்றும் வந்ததன்றோ?

தொலைதூரத்து மொங்கோலியாவுக்குப் போனாலும் இதனையே காண்கிறோம். அங்கே 1990ஆம் ஆண்டின் அரசியல் மாற்றத்துக்குப் பின் ரஷ்ய மொழியின் இடத்தை ஆங்கிலம் படிப்படியாகப் பிடித்துக்கொண்டமையால், வளர்ந்தவர்கள் பலர் ஆங்கிலம் கற்கப் புகுந்தனர். ‘நீ எங்கே வசிக்கிறாய்?’ என்பதை மொங்கோலியர் ‘நீ – எங்கே – வசிக்கிறாய்’ என்ற நம் ஒழுங்கிலேயே சொல்லி, இறுதியில் ‘வே’ என்றொரு வினா இடைச்சொல்லைச் சேர்ப்பர். ஆம், இல்லை என்று விடை வேண்டும் கேள்விக்கு நம் ஆகாரத்தைப் போல ஈற்றிலே ‘ஊ’ என்பது வரும். வியப்பு யாதெனில், ‘என்று’ என்பதற்கு அவர்கள் வழங்கும் ‘கெஜ்’ என்ற சொல்லும், ‘சொல்லுதல்’ என்ற வினையின் எச்சமேயாகும். புல்வெளியிலே குதிரை மேய்ப்பவரும் ஊவா மலையிலே கொழுந்து பறிப்பவரும் கண்டறியாமலே ஒரே வகைக் கூடையை முடைந்திருக்கிறார்கள். ஆகவே ஆங்கிலக் கேள்வியின் முன்னே இருவரும் ஒரேயிடத்தில் இடறுகிறார்கள்.

இன்னும் செங்குத்தான இடம் ஒன்றுண்டு. ‘அவர் எங்கே போனார் என்று நினைக்கிறீர்கள்?’ என்பதை எடுத்துக்கொள்வோம். ‘எங்கே’ என்பது உட்கூடையிலே கிடக்கின்றது. ஆனால் கேள்வி முழு வாக்கியத்துக்கும் உரியது. ‘எங்கே போனார் என்று தெரியுமா?’ என்பதற்கு ‘தெரியும்’ என்று விடை சொல்லலாம். இதற்கோ ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டும். இந்த வேற்றுமையைத் தமிழிலே ஈற்று வினை உணர்த்திவிடுகிறது. ஆங்கிலமோ ‘வேர்’ என்பதை உள்ளேயிருந்து பிடுங்கி, வாக்கியம் முழுவதையும் தாண்டுவித்து, முன்வாசலிலே கொண்டு நிறுத்துகிறது: ‘வேர் டூ யூ திங்க் ஹீ வெண்ட்?’ நம்மவர் ‘டூ யூ திங்க் வேர் ஹீ வெண்ட்?’ என்பர். அது ‘தெரியுமா’வுக்கு உரிய அச்சிலே ‘நினைக்கிறீர்கள்’ என்பதை வார்த்ததாகும்.

பிடுங்கி எடுப்பதற்கும் எல்லை உண்டு. ‘எந்தத் தோட்டத்திலே பறித்த கொழுந்து இந்த லொறியில் வந்தது?’ என்று தமிழிலே தாராளமாகக் கேட்கிறோம். பெயரெச்சத்துக்குள்ளே அகப்பட்ட ‘எந்தத் தோட்டத்திலே’ என்பதை ஆங்கிலத்தார் வெளியே இழுத்து முன்னிறுத்த மாட்டார்கள். ‘இந்த லொறியிலுள்ள கொழுந்து எந்தத் தோட்டத்திலே பறிக்கப்பட்டது?’ என்று வாக்கியத்தையே வேறாகக் கட்டிக் கேட்பார்கள். இத்தகைய பகுதிகளுக்கு ஜோன் ரொபர்ட் ரோஸ் என்ற அமெரிக்க மொழியியலார் ‘தீவுகள்’ என்று பெயரிட்டு, 1967இல் ஆராய்ச்சி நூலொன்றை எழுதினார். தீவிலிருந்து சொல் கரையேறாது. இதை எந்த ஆங்கிலத் தாயும் தன் குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆயினும் குழந்தை அறிந்துகொள்கிறது.

அப்படியானால் வயது வந்தவர் கதி என்ன? மொழி கற்பதற்குப் பருவம் உண்டு என்ற கொள்கையை எரிக் லென்னபர்க் 1967இல் விரிவாக எழுதினார். ஜாக்குலின் ஜோன்சன், எலிசா நியூபோர்ட் என்ற இரு பெண் ஆய்வாளர், சீன, கொரிய மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டு அமெரிக்காவுக்குக் குடியேறிய 46 பேரைச் சோதித்து 1989இல் முடிவை வெளியிட்டனர். அவ்விரு மொழிகளிலும் வினாச்சொல் நம் மொழியிற் போலவே இருந்த இடத்தில் இருப்பது. ஏழு வயதுக்கு முன் வந்தவர் ஆங்கிலேயரைப் போலவே சரி பிழை கண்டனர். அதன்மேல் வயது ஏற ஏற மதிப்பெண் இறங்கிற்று. இதைமட்டும் படித்தவர்கள் ‘இனி நமக்கு வராது’ என்று புத்தகத்தை மூடிவிடுவார்கள். மூட வேண்டாம். பதினேழு வயதுக்குப் பின் வந்தவர்களிடையே அந்த இறக்கம் காணப்படவில்லை. ஆளுக்கு ஆள் பெரிய வேற்றுமையே காணப்பட்டது. அஃதாவது, இருபதில் தொடங்கியவரையும் முப்பத்தைந்தில் தொடங்கியவரையும் பிரித்தது வயதன்று, வேறேதோ ஒன்று. அது எதுவென்பதில் அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஆங்கிலக் குழந்தைகளும் இந்தக் கரடுமுரடான பாதையிலேதான் வருகிறார்கள் என்பதையும் நம் மாணவர் அறிய வேண்டும். வினாச்சொல்லை முன்னே வைத்து மற்றதைப் புரட்டாமல் விடும் பருவம் அக்குழந்தைகளுக்கும் உண்டென்று எட்வர்ட் கிளீமா, அர்சுலா பெல்லூகி என்போர் 1966இல் எடுத்துக்காட்டினர்.

ஊவாத் தோட்டத்து மக்கள் விடயத்திலே இலக்கணத்துக்கு வெளியேயும் ஒரு காரணம் இருப்பதாக நாம் கருதுகிறோம். நன்னூலார் வினாவை ஆறு வகையாகப் பிரித்தார்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. இவற்றுள் ஏவல்வினா என்பது கேள்வியுருவில் வரும் கட்டளை. ‘கொழுந்து நிறுத்தாயிற்றா?’ என்று துரை கேட்டால், ‘போய் நிறு’ என்பதே பொருள். பிரட்டுக்களத்திலே மேலிருந்து கீழே வந்தவற்றிற் பெரும்பாலானவை இவ்வகையே. கீழிருந்து மேலே செல்ல வேண்டிய அறியாவினாவுக்கு இடம் மிகக் குறைவு.

ஆங்கிலத் துரைமார் தமிழ் கற்ற கதையே இதற்குச் சான்று. கொழும்பிலே ஃபெர்குசன் நிறுவனத்தார் சின்னதுரைமாரின் சட்டைப்பைக்கென்று வெளியிட்ட தமிழ் வழிகாட்டிக்கு வைத்த பெயர் ‘இங்கே வா’ என்பது. பெயரே ஏவல்! ‘கூலித் தமிழ்’ என்று பெயரிட்டு வெல்ஸ் என்பார் 1915இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர்களும் வயது வந்தபின் வேற்றுமொழி கற்றவர்களே; அவர்கள் தமிழிலும் பிழைகள் மலிந்திருக்கும். ஆனால் அவர்கள் வெட்கப்பட வேண்டியிருக்கவில்லை. பிழையான தமிழைப் புரிந்துகொள்வது கேட்பவனுடைய கடமையாக இருந்தது. நம் இளைஞர் பேசும் பிழையான ஆங்கிலத்துக்கு அந்தச் சலுகை இல்லை. 1970களிலே அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கும்வரை, அவற்றிற் பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்புக்கு மேற்படாதவை. ஓராசிரியரே எல்லா வகுப்புக்கும். அங்கே பிள்ளை கேள்வி கேட்டுப் பழக நேரம் ஏது?

தெமோதரை இளைஞர் அந்தக் கதையைச் சொன்ன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, அவரோடு இன்னும் ஐவரைச் சேர்த்து நாம் ஒரு பயிற்சியைச் செய்து பார்த்தோம். அதற்குத் ‘தூது’ என்று பெயர் வைத்தோம். ஒருவர் மற்றவரிடம் நேரே பேசக் கூடாது. நடுவிலே ஒருவர் நிற்பார். முதலாமவர், ‘வேர் டஸ் ஹீ வேர்க்?’ என்பார். நடுவர் திரும்பி, ‘ஷீ வாண்ட்ஸ் டு நோ வேர் யூ வேர்க்’ என்று சொல்ல வேண்டும். தோட்டத்திலே கணக்கப்பிள்ளை இடையில் நின்று, ‘ஏன் நேத்து பேருக்கு வரல்லேன்னு தொரை கேக்கிறாரு’ என்று சொல்லும் அதே வேலை! வகுப்பிலே எல்லாருக்கும் அது புரிந்துவிட்டது. ‘டூ’ எப்போது வரும், எப்போது வராது என்பதற்கு அவர்களே ஒரு வாய்பாடும் கண்டார்கள். ‘டூ’ ஒரு கங்காணி; அவர் பிரட்டுக்களத்துக்குத்தான் வருவார், லயத்துக் காம்பராவுக்குள் வரமாட்டார். வெளிவாக்கியம் பிரட்டுக்களம், உள்வாக்கியம் காம்பரா. இலக்கண ஆசிரியர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். நாம் பல ஆண்டுகள் சொல்லிக் கொடுத்த விதியை விட இது அவர்கள் நாவிலே நின்றது.

மற்றொன்றும் செய்தோம். ‘குட் யூ டெல் மீ’, ‘ஐ வுட் லைக் டு நோ’, ‘டூ யூ ஹப்பன் டு நோ’ என்ற மூன்று தொடர்களை இலக்கணம் பாராது மனப்பாடம் செய்ய வைத்தோம். நாக்கு அவற்றைத் தானாகச் சொல்லிக்கொண்டிருக்கும் வேளையில் மனத்துக்கு உள்வாக்கியத்தைக் கட்ட அவகாசம் கிடைக்கிறது. ‘இஸின்ட் இட்’ என்பதை மட்டும் விலக்கினோம். ‘வருவீர்கள்தானே’, சிங்களத்து ‘நேத’ ஆகியவற்றின் நிழலாக எந்த வாக்கியத்தின் வாலிலும் அதை ஒட்டிக் கேள்வியாக்கிவிடும் வழக்கம் இலங்கையில் உண்டு. வீட்டுப் பேச்சுக்கு அது அழகே. ஆயினும் குறுக்குவழி அறிந்தவர் நெடுவழி கற்பதில்லை.

நான்கு மாதத்தின் பின் அந்த இளைஞர் பண்டாரவளையிலே இன்னொரு விடுதிக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனார். அன்று மாலையே நம்மிடம் வந்தார்.

“கேட்டீங்களா தம்பி?” என்றோம்.

“மூணையும் கேட்டேங்க மாஸ்டர்.”

முதலாவது, ‘குட் யூ டெல் மீ வென் த சலரி இஸ் பெய்ட்?’ மாதம் பத்தாந் திகதி என்றார்களாம். இரண்டாவது இராவேலை. மூன்றாவது, ‘ஐ வுட் லைக் டு நோ இஃப் ஐ கேன் டேக் லீவ் ஃபோர் தீபாவளி.’ அதைக் கேட்டதும் எதிரே இருந்தவர் சிரித்துவிட்டு, முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் தரலாம் என்றாராம்.

“இரண்டாவதை எப்படிக் கேட்டீங்க?”

அவர் தலையைச் சொறிந்தார். “‘டூ யூ நோ வட் டைம் டஸ் த நைட் ஷிஃப்ட் எண்ட்’னு கேட்டுட்டேன். அப்போ ஒண்ணும் தெரியல்லே. பஸ்ஸு கும்பல்வெலச் சந்தி தாண்டுறப்பதான் வெளங்கிச்சு, கங்காணி காம்பராவுக்குள்ள பூந்துட்டாருன்னு.”

“அவர்கள் என்ன பதில் சொன்னார்கள்?”

“ஒன்பதரைக்கு முடியுமாம். கடைசி பஸ்ஸு இருக்குமான்னு போய் விசாரிக்கணும்” என்று சொல்லி, பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார்.